சாவ் பாவ்லோவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: முதலில் வணக்கம், அப்புறம் காரியம்

வேலைக்கோ படிப்புக்கோ பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரத்துக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு, பத்திரமான ஏரியா எது என்பதுதான். இரண்டும் முக்கியம்தான். ஆனால் இந்த ஊரில் நாலு வருஷம் இருந்ததில் கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொல்லச் சொன்னால், கடைக்காரரோ பஸ் டிரைவரோ வாட்ச்மேனோ, யாரிடம் எதைக் கேட்பதாக இருந்தாலும் அதற்கு முன்னால் ஒரு வணக்கம் சொல்லிவிடுங்கள் என்பேன். 2022 கணக்கெடுப்பின்படி ஒரு கோடியே 14 லட்சம் பேர் வாழும் நகரம் இது, எல்லோரும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறார்கள், ஆனாலும் லிஃப்டில் ஏறுகிற ஆள் முன்பின் தெரியாத உங்களுக்குக் காலை வணக்கம் சொல்வார், இறங்கும்போதும் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவார். நாம் வாய் திறக்காமல் நின்றால் கூச்ச சுபாவம் என்று யாரும் நினைப்பதில்லை, மரியாதை தெரியாத ஆள் என்றுதான் நினைப்பார்கள்.

நமக்கு இது சட்டென்று வராததற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர்க் கடையில் "அண்ணே, அரை கிலோ சர்க்கரை" என்றால் அந்த 'அண்ணே'யிலேயே மரியாதை வந்துவிடும், தனியாக வணக்கம் வேறு சொன்னால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். இங்கே பேசுவது போர்ச்சுகீசிய மொழி, அதில் அந்த 'அண்ணே' செய்கிற வேலையை வணக்கம்தான் செய்கிறது. மதியம் வரைக்கும் "போங் ஜீயா", அதன் பிறகு இருட்டும் வரை "போவா தார்ஜி", இருட்டிய பிறகு "போவா நோய்ச்சி". ('பஸ்' என்று சொல்லும்போது வருகிற ப.) அடுத்து "துது பெயிங்?", எல்லாம் நலமா என்று அர்த்தம். 'தூது' என்று நாம் சொல்வது போலவே சொல்லுங்கள், சரியாக இருக்கும். இதற்கு உங்கள் உடம்பு, வேலை, தூக்கம் பற்றியெல்லாம் பதில் சொல்ல வேண்டாம். "துது பெயிங்" என்றே திருப்பிச் சொன்னால் போதும், அப்புறம் காரியத்துக்கு வரலாம்.

நன்றிக்கு ஆண் என்றால் "ஒப்ரிகாது", பெண் என்றால் "ஒப்ரிகாதா". யாரிடம் சொல்கிறோம் என்பது கணக்கில்லை, சொல்கிறவர் ஆணா பெண்ணா என்பதுதான் கணக்கு. பதிலுக்கு "ஜி நாதா" என்பார்கள், அல்லது "இமஜீனா" என்பார்கள். 'கற்பனை செய்' என்பது நேர் அர்த்தம், ஆனால் இங்கே 'அட, இதுக்குப் போயா நன்றி' என்கிற தொனி. கடையில், ஹோட்டலில் வேலை செய்கிறவரைக் கூப்பிட ஆணுக்கு "மோசு", பெண்ணுக்கு "மோசா". வயதானவர்களுக்கு "செஞ்யோர்", "செஞ்யோரா". டாக்டரானாலும் மேனேஜரானாலும் முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், தயங்காதீர்கள்.

உச்சரிப்பு பற்றி நாலு வார்த்தை

எழுத்தைப் பார்த்துப் படித்தால் ஏமாந்துபோவீர்கள். எழுத்தில் 'தி' என்றோ சொல்லின் கடைசியில் 'தே' என்றோ இருப்பது சாவ் பாவ்லோவில் இடத்துக்குத் தகுந்தபடி 'ஜி' என்றோ 'ச்சி' என்றோ ஆகிவிடும், அதனால்தான் தார்தே 'தார்ஜி' ஆகிறது. சொல்லின் தொடக்கத்தில் வரும் 'ர' 'ஹ' ஆகும், ரியோ நகரத்தை 'ஹியு' என்பார்கள். கடைசியில் 'ல்' வந்தால் 'உ' மாதிரி கேட்கும், பிரேசில் 'ப்ரஸியு'. மெய்யெழுத்தில் முடிகிற ஆங்கிலச் சொல்லுக்கெல்லாம் ஒரு 'இ' சேர்த்துவிடுவார்கள், ஃபேஸ்புக் 'ஃபேய்சிபுக்கி' ஆகிவிடும். முதல் வாரத்தில் "உவைஃபை" என்று ஒருவர் கேட்டபோது எனக்குப் புரியவே இல்லை, வைஃபைதான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் மூக்கொலி. ரொட்டிக்கு "பாவ்ங்", மும்பையின் பாவ் பாஜியில் இருப்பதும் இதே சொல்தான், போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. கடைசியில் மூக்கில் ஒலிக்காமல் வெறும் 'பாவ்' என்று விட்டுவிட்டால் அது கட்டை என்கிற வேறு சொல், கொச்சையான அர்த்தமும் உண்டு. ரொட்டி கேட்கும்போது மூக்கை நன்றாகவே பயன்படுத்துங்கள்.

ஃபோன் நம்பர் சொல்லும்போது 'மேயா' என்று ஒன்று வரும். அது 6. அரை டஜன் என்பதில் உள்ள 'அரை'தான் மேயா. 3-க்கும் 6-க்கும் உள்ள சொற்கள் காதில் ஒரே மாதிரி விழும் என்பதால் இந்த ஏற்பாடு. கிழமையிலும் ஒரு சிக்கல், திங்கள் என்பது "செகுந்தா", அதாவது இரண்டாவது. செவ்வாய் மூன்றாவது, அப்படியே வெள்ளி ஆறாவது. போர்டில் 2 முதல் 6 வரை என்று போட்டிருந்தால் திங்கள் முதல் வெள்ளி வரை என்று படித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் படித்து மலைத்துப்போக வேண்டாம், ஏனென்றால் ஒரு கைப்பிடிச் சொற்கள் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். 16-ஆம் நூற்றாண்டில் நம் கடற்கரைகளுக்கு வந்த போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொற்கள் தமிழில் இன்றும் இருக்கின்றன. சாவி இங்கே 'ஷாவி', ஜன்னல் 'ஜனேலா', மேசை 'மேசா', அலமாரி 'அர்மாரியு', துவாலை 'துவால்யா', பொத்தான் 'பொத்தாவ்ங்'. இலங்கைத் தமிழர்களுக்கு இன்னும் லாபம், கதிரை 'கதேய்ரா', சப்பாத்து 'சப்பாத்து' என்றே இருக்கிறது. வீட்டுக்காரம்மா முதல் நாள் என் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்து "ஷாவி" என்றபோது நான் "சாவி" என்று திருப்பிச் சொன்னேன், அந்த அம்மாவுக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. அன்றைக்கு இந்த மொழி மேல் இருந்த பயம் பாதி போய்விட்டது.

பேக்கரிதான் பள்ளிக்கூடம்

மொழி வகுப்பில் சேருங்கள், நல்லது. ஆனால் அதோடு சேர்த்து உங்கள் தெருமுனையில் இருக்கும் 'பாதரியா'வுக்குத் தினமும் காலையில் போங்கள். பாதரியா என்றால் பேக்கரி, ஆனால் நம் ஊர் டீக்கடையும் டிபன் கடையும் மளிகைக்கடையும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். விடியற்காலையிலேயே திறந்துவிடுவார்கள். கவுண்டரில் ஸ்டூல் போட்டிருக்கும், அங்கே உட்காருங்கள், மேசையில் உட்கார்ந்தால் பேச்சு கிடைக்காது.

நுழைந்ததும் சில கடைகளில் கையில் ஒரு அட்டை கொடுப்பார்கள், அதற்கு 'கொமாந்தா' என்று பெயர். நீங்கள் கேட்பதெல்லாம் அதில் ஏறும், வெளியே போகும்போது கல்லாவில் கொடுத்துப் பணம் கட்ட வேண்டும். எதுவுமே வாங்காவிட்டாலும் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வர முடியும். வந்த புதிதில் இது தெரியாமல் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன், வாசலில் நின்றவர் நிறுத்திவிட்டார், பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க எதையும் விளக்கத் தெரியாமல் நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது. அட்டையைத் தொலைக்காதீர்கள், அவ்வளவுதான்.

என்ன கேட்பது? "போங் ஜீயா, மோசு. உம் பாவ்ங் நா ஷாப்பா, உம் பிங்காது, போர் ஃபவோர்." 'உம்' என்றால் ஒன்று, 'போர் ஃபவோர்' என்றால் தயவுசெய்து, ஷாப்பா என்றால் தோசைக்கல் மாதிரியான பெரிய இரும்புத் தட்டு. வெளியே மொறுமொறுவென்று உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும் சின்ன ரொட்டியை நீளவாக்கில் பிளந்து, வெண்ணெய் தடவி, வெட்டிய பக்கம் கல்லில் படும்படி கவிழ்த்து வைத்துக் கரண்டியால் ஓர் அழுத்து அழுத்துவார்கள், வெண்ணெய் கருகத் தொடங்கும் அந்த வாசனை வந்ததும் எடுத்துவிடுவார்கள். பிங்காது என்பது பாலும் காபியும் கலந்தது, 190 மில்லி பிடிக்கிற, பக்கவாட்டில் பட்டை பட்டையாக இருக்கும் கண்ணாடி டம்ளரில் வரும். அந்த டம்ளர் 1947 முதல் பிரேசிலில் செய்யப்படுகிறது, நம் டீக்கடை கிளாஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். சர்க்கரை வேண்டாம் என்றால் "செயிங் அசூக்கர்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள், சில கடைகளில் கறுப்புக் காபியைச் சர்க்கரை போட்டே வைத்திருப்பார்கள்.

கவுண்டரில் இருப்பவர் "போய்ஸ் நாவ்ங்?" என்று கேட்டால் பயப்படாதீர்கள். அதில் 'இல்லை' என்கிற சொல் இருக்கிறது, ஆனால் 'சொல்லுங்க, என்ன வேணும்' என்பதுதான் அர்த்தம். புரியவில்லை என்றால் "மைஸ் தெவகார், போர் ஃபவோர்", கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். நிஜமாகவே மெதுவாகச் சொல்வார்கள், சலித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரே கடைக்கு ஒரே நேரத்துக்குப் போங்கள். இரண்டாவது வாரத்தில் "உ ஜி செம்ப்ரி?" என்று அவரே கேட்பார், வழக்கமானதுதானே என்று.

மதிய சாப்பாடு, அதுவும் சைவர்களுக்கு

மதியத்துக்குச் சுலபமான வழி 'போர் கீலு' கடை. தட்டை எடுத்து வேண்டியதைப் போட்டுக்கொண்டு தராசில் வைத்தால் எடைக்கு விலை. மொழி தெரியாதவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. இன்னொன்று 'ப்ராத்து ஃபேய்த்து', சோறு, பீன்ஸ் குழம்பு, ஒரு கறி, கொஞ்சம் சாலட், ஒரே தட்டில். சாவ் பாவ்லோவின் பழைய சாப்பாட்டுக் கடைகளில் கிழமைக்கு ஒரு அயிட்டம் என்று வழக்கம் உண்டு. திங்கள் 'விராது ஆ பாவ்லிஸ்தா' என்கிற பிசைந்த பீன்ஸும் சோறும் பன்றி இறைச்சியும் சேர்ந்த சாப்பாடு, புதனும் சனியும் 'ஃபெய்ஜுவாதா' என்கிற கறுப்பு பீன்ஸும் பன்றி இறைச்சியும் சேர்ந்த குழம்பு, வியாழன் பாஸ்தா, வெள்ளி மீன்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 'கார்னி' என்றால் இறைச்சி, ஆனால் பேச்சுவழக்கில் பலருக்கு அது மாட்டிறைச்சி மட்டும்தான். கார்னி வேண்டாம் என்று சொன்னால் கோழியோ, பதப்படுத்திய பன்றி இறைச்சியான ஹேமோ போட்டுக் கொண்டுவந்து அன்போடு வைப்பார்கள். அதனால் நீளமாகவே சொல்லுங்கள்: "நாவ்ங் கோமு கார்னி, ஃப்ராங்கு, பேய்ஷி, நெயிங் ப்ரெசுந்து". மாடு, கோழி, மீன், ஹேம் எதுவும் சாப்பிட மாட்டேன். பீன்ஸ் குழம்பில் பன்றிக்கொழுப்புத் துண்டு போடும் பழக்கம் உண்டு, தனியாகக் கேட்டுக்கொள்வது நல்லது. முட்டை பரவாயில்லை என்றால் கவலையில்லாமல் சாப்பிட 'பாவ்ங் ஜி கேய்ஜு' இருக்கிறது, மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் முட்டையும் சேர்த்துச் சுட்ட உருண்டை. காரம் எதிலும் இருக்காது, "பிமெந்தா" என்று கேட்டால் மிளகாய் சாஸ் புட்டி வரும். பருப்பு, மசாலா, மாவு வகைகளுக்கு ப்ராஸ் பகுதியில் சாந்தா ரோசா தெருவைச் சுற்றி இருக்கும் மொத்தக் கடைகளுக்குப் போங்கள், பக்கத்திலேயே 1933-இல் திறந்த பெரிய முனிசிபல் மார்க்கெட்டும் இருக்கிறது.

வாரத்தில் ஒரு நாள் உங்கள் தெருவிலோ அடுத்த தெருவிலோ 'ஃபேய்ரா' கூடும், அதாவது சந்தை. காலையிலேயே தெருவை அடைத்துக் கடை போட்டு மதியத்துக்கு மேல் கலைத்துவிடுவார்கள். முடியும் நேரத்துக்கு 'ஷேப்பா' என்று பெயர், அப்போது விலை சரியும். போனால் பஸ்தேவும் கரும்புச்சாறும் கட்டாயம். பஸ்தேவ் என்பது உள்ளே பாலாடைக்கட்டியோ கறியோ வைத்து எண்ணெயில் பொரித்த பெரிய செவ்வகம், கரும்புச்சாற்றுக்கு அறிமுகம் தேவையில்லை. பழக்கடையில் அன்னாசி என்று கேட்டால் புரியாது, அது போர்ச்சுகலில் செல்லும், இங்கே 'அபகஷீ'. பப்பாளி 'மமாவ்ங்'. முந்திரி பிரேசில் மண்ணின் மரம், 'கஜு' என்பார்கள், இங்கே கொட்டையைவிடப் பழத்தின் சாறுக்குத்தான் மவுசு.

சே-பே-எஃபியும் வீடும்

கல்லாவில் பணம் கட்டும்போதெல்லாம் "சே-பே-எஃபி நா நோத்தா?" என்று கேட்பார்கள். வரித்துறை கொடுக்கும் 11 இலக்க எண்ணைப் பில்லில் போடவா என்று அர்த்தம், வேண்டாம் என்றால் "நாவ்ங், ஒப்ரிகாது" போதும். ஆனால் அந்த எண்ணை வாங்காமல் இருந்துவிடாதீர்கள். சிம் கார்டு, பேங்க் கணக்கு, வாடகை ஒப்பந்தம், ஆன்லைனில் ஒரு செருப்பு வாங்குவது வரை எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள். வெளிநாட்டவருக்கும் கொடுப்பார்கள், கிளம்புவதற்கு முன்பே பிரேசில் தூதரகம் வழியாகவும் வாங்கலாம். தற்காலிக விசாவில் வருகிறவர்கள் 90 நாட்களுக்குள் ஃபெடரல் போலீஸில் பதிவு செய்ய வேண்டும், நேரம் கிடைப்பது கஷ்டம் என்பதால் வந்த வாரமே முன்பதிவு செய்துவிடுங்கள். பணம் அனுப்ப 'பிக்ஸ்', 2020 நவம்பரில் மத்திய வங்கி கொண்டுவந்தது, நம் யூபிஐ மாதிரிதான், இளநீர்க் கடையில்கூட நடக்கும். விலையில் புள்ளியும் கமாவும் இடம் மாறியிருக்கும், ஆயிரம் ரியாலை 1.000,00 என்று எழுதுவார்கள்.

வாடகைக்குப் பல இடங்களில் ஜாமீன் கேட்பார்கள், உள்ளூரில் யாரும் இல்லாதவருக்கு அது பெரிய தலைவலி. அதற்குப் பதிலாக அட்வான்ஸ் கொடுக்கலாமா என்று கேளுங்கள், பணமாகக் கொடுக்கும் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்று 1991-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. வாடகையோடு 'கொந்தொமீனியு' என்கிற பராமரிப்புத் தொகை தனி, அதையும் சேர்த்து எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

மிக்சியை எடுத்து வராதீர்கள். இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை. நம் மிக்சி 230 வோல்ட்டுக்குச் செய்தது, சாவ் பாவ்லோ வீடுகளில் பொதுவாக 127 வோல்ட், பிரசிலியா மாதிரி சில நகரங்களில்தான் 220. இட்லிக்கு அரைக்கப்போனால் மோட்டார் முனகும், பிளேடு நகராது. குளிக்கும் இடத்தில் ஷவர் தலைக்குள்ளேயே தண்ணீர் சூடாகும், குழாயை அதிகமாகத் திறந்தால் சூடு குறையும், குறைத்தால் ஏறும். தண்ணீர் ஓடும்போது அதன் சுவிட்சைத் தொடாதீர்கள். டாய்லெட் பேப்பரைப் பக்கத்தில் இருக்கும் கூடையில்தான் போட வேண்டும். அப்புறம் ஊர் 760 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இரவில் 12 டிகிரி வரை இறங்கும், வீடுகளில் ஹீட்டர் கிடையாது, பிரேசில்தானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் வந்துவிடாதீர்கள்.

தெருவில்

பஸ்ஸுக்குக் கை காட்டாவிட்டால் நிற்காது. முன்பக்கம் ஏறி, சுழல்கதவைத் தாண்டி, பின்பக்கம் இறங்க வேண்டும். 'பில்யேச்சி ஊனிகு' அட்டை வாங்கிக்கொண்டால் பஸ், மெட்ரோ இரண்டுக்கும் ஆகும். ஞாயிற்றுக்கிழமை நகரப் பேருந்துகளில் 2023 டிசம்பரிலிருந்து கட்டணம் இல்லை, அன்றைக்கு பாவ்லிஸ்தா அவென்யூவிலும் கார்களை விடமாட்டார்கள், நடக்கவும் மொழியைக் காதில் வாங்கவும் அருமையான நாள். மெட்ரோ எஸ்கலேட்டரில் வலது பக்கம் நில்லுங்கள். நடைபாதை ஓரத்தில் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், சைக்கிளில் வந்து பறித்துக்கொண்டு போவது இங்கே அடிக்கடி நடக்கிறது, முகவரி பார்க்க வேண்டுமானால் ஒரு கடைக்குள் போய்ப் பாருங்கள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துக் காட்டும் 'சூப்பர்' சைகை வேண்டவே வேண்டாம், இங்கே அது அசிங்கமானது, கட்டைவிரலை உயர்த்துங்கள். உடம்புக்கு முடியாவிட்டால் அரசு சுகாதார நிலையம் வெளிநாட்டவருக்கும் இலவசம், ஆம்புலன்சுக்கு 192, போலீசுக்கு 190.

பழகும்போது

நம் ஆட்கள் மனம் நொந்துபோவது ஒரு சொல்லில். "வாமுஸ் மர்க்கார்!" ஒரு நாள் சந்திக்கலாம் என்று அர்த்தம். நன்றாகப் பேசிப் பழகிய ஆபீஸ் நண்பர் சொன்னார், நானும் அந்தச் சனிக்கிழமை முழுக்க ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் பொய் சொல்லவில்லை, உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது என்பதைத்தான் அப்படிச் சொன்னார். தேதியும் நேரமும் இடமும் சொல்லாதவரை அது அழைப்பு இல்லை. நிஜமாகவே சந்திக்க ஆசை என்றால் நீங்களே "வியாழக்கிழமை மதியம் சாப்பிடப் போவோமா" என்று கேளுங்கள், சந்தோஷமாக வருவார்கள்.

வீட்டுக்குக் கூப்பிட்டால் சொன்ன நேரத்துக்கு அரைமணி கழித்துப் போங்கள், சரியான நேரத்துக்குப் போனால் வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருப்பார். கையில் குடிக்க ஏதாவது வாங்கிக்கொண்டு போகலாம். பெண்களைக் கன்னத்தோடு கன்னம் வைத்து ஒரு முத்தம், சாவ் பாவ்லோவில் ஒன்று, ரியோவில் இரண்டு. ஆண்களுக்குள் கைகுலுக்கலும் முதுகில் தட்டலும். உங்களுக்குச் சங்கடம் என்றால் கையை முதலில் நீட்டிவிடுங்கள், புரிந்துகொள்வார்கள். உள்ளே பதினைந்து பேர் இருந்தால் பதினைந்து பேருக்கும் தனித்தனியாக வணக்கம், பொதுவாகக் கையசைத்துவிட்டு உட்காரக் கூடாது. கிளம்பும்போதும் அப்படியே, அதனால் பதினோரு மணிக்கு வீடு திரும்ப வேண்டுமென்றால் பத்தரைக்கே எழுந்துவிடுங்கள். வாசல் வரை வந்து "வாய் கோங் தேவுஸ்", கடவுள் துணையோடு போ என்பார்கள், "ஃபீக்கா கோங் தேவுஸ்" என்று பதில் சொல்லுங்கள், லிஃப்ட் வரும்வரை அவர்களும் கதவைச் சாத்தாமல் நிற்பார்கள்.